நினைவில்லாத விதிகளைக் கோடில் எழுதுவது: நெட்வொர்க் ஏசிஎல்லா, ரூல் குரூப்பா?

பத்து முறை இணைய முயன்றால் நாலு முறை கிடைத்தது, ஆறு முறை தொங்கியது. சர்வர் நன்றாகவே இருந்தது, அப்ளிகேஷன் லாகில் ஒரு பிழையும் இல்லை. அரை நாள் தேடிய பிறகுதான் தப்பு என்னுடையது என்று புரிந்தது. சப்நெட்டின் (நெட்வொர்க்கின் ஒரு சிறு பகுதி) நெட்வொர்க் ஏசிஎல்லில், அதாவது எதை விடலாம், எதைத் தடுக்கலாம் என்று சொல்லும் விதிப் பட்டியலில், வெளியே போகும் பதில்களுக்கு 49152 முதல் 65535 வரை மட்டும் திறந்து வைத்திருந்தேன். அது விண்டோஸ் இயந்திரங்கள் தற்காலிகப் போர்ட் (பதில் வந்து சேர ஒவ்வொரு இணைப்புக்கும் எடுக்கும் எண்) எடுக்கும் எல்லை. எதிர்முனையில் இருந்தவையோ லினக்ஸ். அவை வழக்கமாக 32768 முதல் 60999 வரை எடுக்கும். அதில் நான் திறந்திருந்த பகுதி சுமார் 42 சதவீதம். பத்தில் நாலு என்பது அந்தக் கணக்குத்தான்.

ஸ்டேட்லெஸ் வடிகட்டலின் குணம் இதிலேயே தெரிந்துவிடும். இந்த வகை ஃபயர்வாலுக்கு நினைவு கிடையாது. சற்று முன் உள்ளே விட்ட கோரிக்கைக்கான பதில்தான் இப்போது வெளியே போகிறது என்பது அதற்குத் தெரியாது. வருகிற ஒவ்வொரு பாக்கெட்டும் அதற்குப் புது ஆள். அதனால் திரும்பும் பாதையையும் நாமே எழுத வேண்டும். இன்னொன்று, விதிகள் எண் வரிசையில் பார்க்கப்படும், முதலில் பொருந்துவதே செல்லும். திரும்பும் பாதை, வரிசை எண் இரண்டையும் ஒவ்வொரு வழியும் எப்படிக் கையாள்கிறது என்பதை வைத்துத்தான் இங்கே அலசுகிறேன். எந்தக் கருவியில் வரிகள் குறைவு என்பதெல்லாம் எனக்கு இரண்டாம்பட்சம்.

அமேசான் கிளவுடில் இந்த விதிகளை வைக்க இரண்டு இடங்கள் உண்டு. ஒன்று நெட்வொர்க் ஏசிஎல். தனிக் கட்டணம் இல்லை, சப்நெட்டின் வாசலில் நிற்கும், விதி எண் 1 முதல் 32766 வரை. இன்னொன்று 2020 நவம்பரில் வந்த நெட்வொர்க் ஃபயர்வால். அதன் விதிகள் ரூல் குரூப் என்ற தொகுப்புகளில் இருக்கும், அந்தக் குரூப்புகளைச் சேர்த்துக் கட்டுவது பாலிசி. அதில் பாக்கெட் முதலில் ஸ்டேட்லெஸ் எஞ்சினைச் சந்திக்கும். அங்கே விடலாம், வீசலாம், அல்லது பின்னால் இருக்கும், இணைப்பை நினைவில் வைக்கும் ஸ்டேட்ஃபுல் எஞ்சினுக்கு அனுப்பலாம். அந்தப் பின் எஞ்சின் சூரிகாட்டா என்ற ஊடுருவல் கண்டறியும் கருவியின் விதிகளைப் புரிந்துகொள்ளும். இதற்கு மணிக்கணக்கிலும் கடந்துபோகும் ஜிகாபைட் கணக்கிலும் பணம் கட்ட வேண்டும். ஸ்டேட்லெஸ் விதி மட்டும் போதும் என்பவர் இதை வாங்குவது வீண் செலவு. ஆனால் ஃபயர்வால் ஏற்கெனவே இருக்கிறது என்றால் கதை வேறு.

முதல் வேறுபாடு அளவில். ஏசிஎல்லில் இயல்பாக ஒரு திசைக்கு 20 விதிகள், கேட்டால் 40 வரை தருவார்கள். அவ்வளவுதான். பத்துப் பன்னிரண்டு விதிகளில் முடிகிற வேலைக்கு இது தாராளம். தடை செய்ய வேண்டிய முகவரிப் பட்டியல் மாதாமாதம் வளரும் இடத்தில் நாலே மாதத்தில் மூச்சு முட்டும்.

ரூல் குரூப்பில் எண்ணிக்கைக்குப் பதிலாகக் கொள்ளளவு என்று ஒரு கணக்கு. ஒரு விதியில் எத்தனை புரோட்டோகால், எத்தனை மூல முகவரி, எத்தனை மூலப் போர்ட், எத்தனை சேருமிட முகவரி, எத்தனை சேருமிடப் போர்ட் என்று எல்லாவற்றையும் பெருக்க வேண்டும். எதுவாயினும் சரி என்று விட்டால் அது 1. இரண்டு புரோட்டோகால், ஐந்து மூல முகவரி, மூன்று சேருமிடப் போர்ட், மற்றவை எதுவாயினும் என்றால் 30. ஒரு குரூப்பின் உச்சம் 30,000. கேட்கப் பெரிதாக இருக்கும், ஆனால் பெருக்கல் வேகமானது. நூறு முகவரியும் இருபது போர்ட்டும் ஒரே விதியில் போட்டால் 2,000 போயிற்று.

வலிக்கிற இடம் ஒன்று உண்டு. இந்தக் கொள்ளளவைக் குரூப்பை உருவாக்கும்போதே சொல்ல வேண்டும், பிறகு மாற்ற முடியாது. உள்கட்டமைப்பைக் கோடாக எழுதும் கருவியான டெராஃபார்மில் அந்த எண்ணை மாற்றினால் பழைய குரூப்பை அழித்துப் புதிது செய்யப் பார்க்கும். பழையதோ பாலிசியில் மாட்டியிருக்கும், அழிய மறுக்கும். அதே வேலைக்கான அமேசானின் சொந்தக் கருவி கிளவுட்ஃபார்மேஷனிலும் இது மாற்றீடுதான். அதிலும் அதே பெயரில் இன்னொன்று வைக்க முடியாது என்று நின்றுவிடும். புதுப் பெயரில் இரண்டாவது குரூப் செய்து, பாலிசியை அதற்குத் திருப்பி, பிறகு பழையதை நீக்குவதே ஒழுங்கான வழி. ஆகவே இன்றைய தேவையைப் போல மூன்று மடங்கு எழுதி வைத்துவிடுகிறேன். ஆனால் ஒரு பாலிசியில் உள்ள குரூப்புகள் எல்லாவற்றுக்கும் சேர்த்தும் வரம்பு உண்டு என்பதால் கைவிரித்து எழுதுவதற்கும் எல்லை இருக்கிறது.

திரும்பும் பாதைக்கு வருவோம். உள்ளிருக்கும் இயந்திரம் வெளியே போய் எதையாவது இறக்குகிறது என்றால், பதில் உள்ளே வர ஏசிஎல்லில் தற்காலிகப் போர்ட்டுகளைத் திறந்தாக வேண்டும். நடுவில் நாட் கேட்வே (உள் முகவரிகளை வெளி முகவரியாக மாற்றி அனுப்புவது) இருந்தால் அது 1024 முதல் 65535 வரை எடுக்கும், அத்தனையும் திறக்க வேண்டும். அந்த எல்லைக்குள் 3306, 3389, 5432, 8080 எல்லாம் அடக்கம்! டேட்டாபேஸ் போர்ட்டைக் குறைந்த எண்ணில் ஒரு தடையால் மறைத்து, அதற்குப் பின் அகலமான அனுமதியை வைப்பார்கள். வரிசை எண்ணை மாற்றிப் போட்டால் அந்தத் தடை வெறும் அலங்காரம்.

ரூல் குரூப் இங்கே ஒரு படி மேல். அது டிசிபி கொடிகளை (இணைப்பின் நிலையைச் சொல்லும் குறிகள்) பார்க்கும், ஏசிஎல் பார்க்காது. சின் (தொடக்கம்), ஆக் (ஒப்புகை) இரண்டையும் கவனி, சின் மட்டும் எழுந்திருந்தால் வீசு என்று ஒரு விதி எழுதினால், வெளியிலிருந்து தொடங்கும் புது இணைப்பு அங்கேயே விழும். நாம் தொடங்கியதற்கு வரும் சின்-ஆக் பதில் தாராளமாக நுழையும். பழைய ரவுட்டர்களில் கைபழகியவர்களுக்கு இது பரிச்சயமான தந்திரம். இதுவும் நினைவு அல்ல, நினைவின் சாயல். ஆக் கொடியைப் பொய்யாக ஏற்றி அனுப்பும் பாக்கெட்டை இந்த விதி பிடிக்காது. ஆனாலும் 64,000 போர்ட்டுகளைத் திறந்து வைப்பதைவிட இது எவ்வளவோ மேல். யுடிபிக்கு இந்த வசதி இல்லை, அங்கே போர்ட் கணக்கே கதி.

சரி, கோடில் எழுதும்போது என்ன ஆகிறது? என் கணக்கில் பெரிய வேறுபாடு இங்கேதான். ரூல் குரூப்பைத் திருத்துவது ஒரே அழைப்பு. முழு விதித் தொகுப்பையும் அனுப்பினால் பழையது போய்ப் புதியது வரும். கூடவே ஒரு டோக்கனும் போகும், இடையில் வேறொருவர் மாற்றியிருந்தால் அழைப்பு தோற்கும். ஏசிஎல்லில் ஒவ்வொரு விதியும் தனி அழைப்பு. இருபது விதி மாறினால் வரிசையாகப் பல சிறு மாற்றங்கள் நடக்கும், நடுவில் ஒன்று தோற்றால் பாதி பழையது, பாதி புதியது.

எண்ணை மாற்றும்போது இது நன்றாகக் கடிக்கும். டெராஃபார்மில் ஒவ்வொரு ஏசிஎல் விதியையும் தனி ரிசோர்ஸாக வைத்து, பட்டியலில் உள்ள இடத்தை வைத்து எண் கொடுத்திருக்கிறீர்கள் என்று வையுங்கள். நடுவில் ஒன்றைச் செருகினால் அதற்குக் கீழே எல்லாம் ஒரு படி நகரும். எண் மாறுவது என்றால் அழித்துவிட்டு மறுபடி செய்வது. டெராஃபார்ம் இயல்பாகப் பத்து வேலைகளை ஒரே நேரத்தில் செய்யும். 110 இருந்தது 120 ஆகப் போகும் நேரத்தில் பழைய 120 இன்னும் உட்கார்ந்திருந்தால், அந்த எண் ஏற்கெனவே இருக்கிறது என்று பிழை வரும். கிளவுட்ஃபார்மேஷனில் நிலைமை இன்னும் மோசம். அது புதியதை முதலில் உருவாக்கிவிட்டுத்தான் பழையதை அழிக்கும், ஆகவே மோதல் தற்செயல் அல்ல, உறுதி.

மருந்து எளிது. எண்ணை எந்தக் கருவியும் கணக்கிட விடாதீர்கள். விதியோடு சேர்த்துக் கையால் எழுதுங்கள், பத்துப் பத்தாக இடைவெளி விட்டு. எண்தான் இங்கே அசல் கோட், முகவரியும் போர்ட்டும் அதன் விவரம்.

டெராஃபார்மில் ஏசிஎல்லுக்கு இன்னொரு வழியும் உண்டு, விதிகளை ஏசிஎல் ரிசோர்ஸுக்குள்ளேயே எழுதுவது. இரண்டையும் கலக்கக் கூடாது, கலந்தால் ஒன்றை ஒன்று அழித்துக்கொண்டே இருக்கும். உள்ளே எழுதும் வழியே எனக்குப் பிடிக்கும். யாரோ அவசரத்தில் கன்சோலில் சேர்த்த விதி அடுத்த பிளானில் (செய்யப் போகும் மாற்றங்களின் முன்னோட்டம்) 'இதை நீக்கப் போகிறேன்' என்று தெரியும். தனி ரிசோர்ஸ் வழியில் அது கண்ணுக்கே படாது. எண் 5-இல் எல்லோருக்கும் அனுமதி என்று ஒன்று மாதக்கணக்கில் உட்கார்ந்திருந்தாலும் பிளான் சுத்தமாகவே இருக்கும். கிளவுட்ஃபார்மேஷனில் விலகலைத் தேடும் டிரிஃப்ட் சோதனையைத் தனியாக ஓட்டினாலும் அது தெரியாது, ஸ்டாக்கில் உள்ளவற்றை மட்டுமே அந்தச் சோதனை பார்க்கும்.

ரூல் குரூப்பை டெராஃபார்மில் எழுதினால் வேறு சங்கடம். விதிகள் அங்கே பட்டியல் அல்ல, கணம் (வரிசையில்லாத தொகுப்பு). ஒரு போர்ட்டை மாற்றினால் பிளானில் முழு விதியும் நீங்கி முழு விதியும் சேர்வதாகக் காட்டும். மறுபார்வைக்கு வருபவர் கண்ணைச் சுருக்கித்தான் வித்தியாசத்தைத் தேட வேண்டும். விதிகளைத் தனி யாமல் ஃபைலில் வைத்து, டெராஃபார்ம் அதைப் படித்து ஒவ்வொரு விதியாகச் சுற்றிவருமாறு எழுதினால் நிம்மதி. மாற்றம் கிட்டில் ஒரே வரியாகத் தெரியும், பிளானை உறுதிக்காக மட்டும் பார்த்தால் போதும்.

நிரல் மொழியில் எழுதியதைக் கிளவுட்ஃபார்மேஷனாக மாற்றும் அமேசானின் சிடிகே பற்றிச் சுருக்கமாக. ஏசிஎல்லுக்கு வசதியான வகுப்புகள் உண்டு. ரூல் குரூப்புக்கு அதன் மையத் தொகுப்பில் கிளவுட்ஃபார்மேஷன் வடிவத்தை அப்படியே பெயர்த்த வகுப்பு. பைதானிலோ டைப்ஸ்கிரிப்டிலோ கொள்ளளவைக் கணக்கிட்டு, மிஞ்சினால் பில்டை நிறுத்தும் டெஸ்ட் எழுதலாம் என்பது உண்மையான லாபம். ஆனால் முடிவில் ஓடுவது கிளவுட்ஃபார்மேஷன்தான், மேலே சொன்ன மோதல்கள் எல்லாம் கூடவே வரும்.

அமேசானுக்கு வெளியே பார்த்தால், அஷூரின் என்எஸ்ஜியும் (நெட்வொர்க் செக்யூரிட்டி குரூப்) கூகுளின் விபிசி ஃபயர்வாலும் ஸ்டேட்ஃபுல். ஆரக்கிள் கிளவுடில் ஒரு நல்ல வடிவம் உண்டு: செக்யூரிட்டி லிஸ்டிலும் என்எஸ்ஜியிலும் ஒவ்வொரு விதிக்கும் ஸ்டேட்லெஸ் என்று ஒரு கொடி. எண் இல்லை, தடை விதி இல்லை, அனுமதி மட்டும். வரிசைத் தலைவலி அடியோடு இல்லை. ஆனால் ஒரே பாக்கெட்டுக்கு இரண்டு வகையும் பொருந்தினால் ஸ்டேட்லெஸ்தான் செல்லும், இணைப்பு நினைவில் வைக்கப்படாது. வேகத்துக்காக யாரோ ஒரு அகலமான ஸ்டேட்லெஸ் விதியைச் சேர்த்தால், அதுவரை ஓடிய நுணுக்கமான ஸ்டேட்ஃபுல் விதிகளின் பதில்கள் நின்றுபோகும். டெராஃபார்ம் பிளானில் அது ஒரு விதி சேர்ந்ததாக மட்டும் தெரியும்.

எனக்கென்றால், ஃபயர்வால் இல்லாத இடத்தில் ஏசிஎல், டெராஃபார்ம், விதிகள் உள்ளே, எண்கள் கையால். நெட்வொர்க் ஃபயர்வால் இருக்கிற இடத்தில் ரூல் குரூப்பில் பொத்தாம்பொதுவான தடைகளை மட்டும் வைப்பேன்: ஒருபோதும் வரக் கூடாத முகவரிகள், வெளியிலிருந்து வரும் சின். மற்றதெல்லாம் பின் எஞ்சினுக்கு. அப்போது பாலிசியில் இயல்பு நடவடிக்கை 'அனுப்பு' என்று இருக்கிறதா என்று இருமுறை பாருங்கள். அங்கே 'விடு' என்று இருந்தால் பின் எஞ்சினுக்கு ஒரு பாக்கெட்கூடப் போகாது, அதில் நூறு விதி எழுதியிருந்தாலும். ஒரு திசையில் 'விடு', மறு திசையில் 'அனுப்பு' என்று எழுதினாலும் வம்புதான்: பின் எஞ்சின் பாதி உரையாடலை மட்டும் கேட்கும். துண்டான பாக்கெட்டுகளுக்கு இயல்பு நடவடிக்கை தனியே கேட்கப்படும், அதையும் நிரப்பிவிடுங்கள்.