தகடு மூடும் முன்னால் எடை போடுங்கள்: ராக்வூல் லேகிங்கில் நான் ஏமாந்த கதை

நீராவிக் குழாய்க்கோ பாய்லருக்கோ உலர்த்தும் அறைக்கோ ராக்வூல் (சூடு வெளியே போகாமல் தடுக்கும், பாறையை உருக்கிச் செய்த பஞ்சு) போடப்போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுக் காண்ட்ராக்டரைக் கூப்பிடுங்கள். நான் முழுப் பணத்தையும் கொடுத்து எட்டு மாதம் கழித்துத்தான் விஷயத்தைத் தெரிந்துகொண்டேன்.

என்னுடையது சின்னத் தொழிற்கூடம். ஒரு பாய்லர், ஒரு உலர்த்தும் அறை, இரண்டுக்கும் நடுவே நீராவிக் குழாய். குழாயில் ஓடுவது ஏறக்குறைய 150 டிகிரி நீராவி. பழைய லேகிங், அதாவது குழாய்மேல் சுற்றும் வெப்பக் காப்பு, உதிர்ந்து தொங்கிக்கொண்டிருந்ததால் எல்லாவற்றையும் புதிதாகப் போட ஒருவரிடம் ஒப்படைத்தேன். கன மீட்டருக்கு 100 கிலோ அடர்த்தியுள்ள ராக்வூல், 50 மில்லிமீட்டர் கனம், மேலே அலுமினியத் தகடு என்று கோட்டேஷன் சுத்தமாக இருந்தது. தாளில் ஒரு குறையும் சொல்ல முடியாது. குறையெல்லாம் தகட்டுக்கு உள்ளே போய் ஒளிந்துகொண்டது. இந்த வேலையில் வசதியே அதுதான்: காசு கொடுத்து வாங்கிய சரக்கு மாலைக்குள் கண்ணுக்கு மறைந்துவிடும், வெளியே பளபளப்பு மட்டும் நிற்கும்.

அந்த ஆள் சொன்ன எந்தச் சமாதானமும் முழுப் பொய் இல்லை. எல்லாமே பாதி உண்மை. அதனால்தான் நம்பினேன்.

முதல் சந்தேகம் சரக்கு இறங்கிய அன்றே வந்தது. பலகைகளைக் கையில் எடுத்தால் லேசாக இருந்தன, நடுவில் பிடித்துத் தூக்கினால் வளைந்து தொங்கின. கேட்டேன். “குழாயில் வைத்து இறுக்கிக் கட்டும்போது அடர்த்தி தானாக ஏறிவிடும் சார்” என்றார். ஏறும்தான். ஆனால் 50 மில்லிமீட்டர் பஞ்சை 30 ஆகும்வரை அமுக்கினால் கனம் போய்விடுகிறதே! ராக்வூலில் வெப்பத்தைத் தடுப்பது பாறை இழை இல்லை, இழைகளுக்கு நடுவே அசையாமல் சிக்கி நிற்கும் காற்று. பசால்ட் மாதிரிப் பாறையை 1500 டிகிரிக்குப் பக்கத்தில் உருக்கி, சுழலும் சக்கரங்களில் ஊற்றி நூல் நூலாகச் சிதறடிக்கிறார்கள். (ஹவாய் எரிமலைகளில் காற்றே குழம்பை இழுத்து இப்படி நூலாக்கிவிடும். அதற்கு பெலேயின் கூந்தல் என்று பெயர்.) அந்த நூல்கள் காற்றைப் பிடித்துவைக்கின்றன. கனம் பாதியானால் பிடித்துவைத்த காற்றும் ஏறக்குறையப் பாதிதான். அடர்த்தி எதற்கு என்றால், சூடு ஏற ஏற வெப்பம் கதிர்வீச்சாகவும் கடக்கப் பார்க்கும். நெருக்கமான இழைதான் அதை மறிக்கும். ஆக, அடர்த்தி, கனம் இரண்டுமே வேண்டும். ஒன்றைக் காட்டி இன்னொன்றைத் திருடலாம் என்பது எனக்கு அப்போது தெரியாது.

அன்றைக்கு நான் செய்திருக்க வேண்டியது ஐந்து நிமிட வேலை. ஒரு மீட்டர் நீளம், 60 சென்டிமீட்டர் அகலம், 50 மில்லிமீட்டர் கனமுள்ள பலகையின் கன அளவு 0.03 கன மீட்டர். 100 கிலோ அடர்த்தி என்றால் அது 3 கிலோ எடை இருக்க வேண்டும். அவ்வளவுதான் கணக்கு. எட்டு மாதம் கழித்து, மிச்சம் கிடந்த ஒரு காய்ந்த பலகையைத் தராசில் வைத்தேன். 1 கிலோ 400 கிராம். அதாவது 47 கிலோ அடர்த்தி. மஞ்சளாக வேறு இருந்தது, கிளாஸ்வூல், அதாவது கண்ணாடி இழைப் பஞ்சு. கிளாஸ்வூல் மட்டமான பொருள் என்று நான் சொல்லவில்லை. தகரக் கூரைக்கு அடியிலும் சுவர் நடுவிலும் அதுதான் லேசாக, மலிவாக, நன்றாக வேலை செய்யும். நான் ராக்வூலுக்குப் பணம் கொடுத்தேன் என்பதுதான் தகராறு.

அடுத்தது நாற்றம். பாய்லரை ஏற்றிய அன்று கூடம் முழுக்கக் கரிந்த வாடை. “பஞ்சில் இருக்கும் ரெசின் முதல் சூட்டில் எரியும், இரண்டு நாளில் நின்றுவிடும்” என்றார். இதுவும் சரியான தகவல். இழைகளை ஒட்டிவைக்கும் பிசின் 200 டிகிரியைத் தாண்டும் இடங்களில் சிதைந்து புகையும், பிறகு அடங்கிவிடும். என் கூடத்தில் மூன்று வாரம் நின்றது, அதுவும் பிளாஸ்டிக் வாடை. பிற்பாடு எல்போக்களை, அதாவது குழாய் வளைவுகளைப் பிரித்தபோது காரணம் கிடைத்தது. எல்போவுக்குப் பஞ்சை ஆப்பு ஆப்பாக வெட்டிப் பொருத்த வேண்டும். நேரம் பிடிக்கும் வேலை. அதற்குப் பதிலாக சரக்கு வந்த பாலித்தீன் உறையையும் தெர்மாகோல் துண்டுகளையும் திணித்துத் தகட்டை மூடியிருக்கிறார்கள். தெர்மாகோல் 100 டிகிரியிலேயே இளகிச் சுருங்கிவிடும். உள்ளே பழுப்பு நிறப் பொருக்கு மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது, மற்றபடி வெறும் கூடு. ராக்வூல் இழை 1000 டிகிரியிலும் உருகாது, தீப்பிடிக்காது என்று நம்பித்தானே அதைப் போடுகிறோம்! எரியாத பொருளுக்குக் காசு வாங்கிக்கொண்டு எரிகிற குப்பையைப் பாய்லர் பக்கத்தில் அடைத்துவிட்டுப் போனதை மட்டும் என்னால் இன்றுவரை ஜீரணிக்க முடியவில்லை.

இனி வெப்பமானித் துப்பாக்கிக் கதை. முடித்துக் கொடுக்கும் நாளில் அவர் ஒரு இன்ஃப்ராரெட் துப்பாக்கியோடு வந்தார். சிவப்புப் புள்ளியைத் தகட்டின் மேல் அடித்தார். 38 டிகிரி. இன்னொரு இடம், 39. “பாருங்கள், 60-க்குள் இருந்தாலே போதும், உங்களுக்கு 40 கூட இல்லை.” கை படும் இடத்தில் வெளித்தகடு 60 டிகிரிக்குள் இருக்க வேண்டும் என்பது பொதுவாகப் பின்பற்றும் கணக்குதான். நான் கையெழுத்துப் போட்டேன். கையை வைத்துப் பார்க்கத் தோன்றவில்லை என்பதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

பளபளப்பான அலுமினியம் வெப்பத்தைக் கதிராக வெளியே விடுவது மிகக் குறைவு. கண்ணாடி மாதிரி சுற்றுப்புறத்தைத்தான் பிரதிபலிக்கும். அந்தத் துப்பாக்கி காட்டிய 38 டிகிரி, எதிரே இருந்த சுவரின் சூடாகவோ எங்கள் இரண்டு பேர் உடம்பின் சூடாகவோ இருந்திருக்கும். சரியாக அளக்க வேண்டுமென்றால் தகட்டின் மேல் ஒரு துண்டு கறுப்பு டேப்பை ஒட்டி, அது சூடேறும்வரை பொறுத்து, டேப்பின் மேல் அடிக்க வேண்டும். பின்னால் நான் அப்படி அளந்தபோது நேர்க்குழாயில் 71, எல்போவில் 84. இரண்டு தரம் அளந்தேன்.

சரி, எப்படி மாட்டியது என்றால், ஒரு நாள் வெயிலில், மழையே இல்லாத வாரத்தில், குழாய்த் தகட்டின் அடியிலிருந்து பழுப்புத் தண்ணீர் சொட்டியது. வேலை நடந்தபோது பஞ்சுக் கட்டுகள் ஒரு ராத்திரி முழுக்க மழையில் நனைந்து கிடந்தன. காலையில் அதையே கட்டினார்கள். “குழாய்ச் சூட்டில் காய்ந்துவிடும்” என்றார். திறந்த இடமாக இருந்தால் காயும். மூடிய தகட்டுக்குள் ஆவி எங்கே போகும்? குழாய்ப் பக்கம் ஆவியாகி, குளிர்ந்த தகட்டின் உட்பக்கம் படிந்து, மறுபடி பஞ்சில் இறங்குகிறது. போதாததற்குத் தகட்டின் இணைப்பை மேல்பக்கம், வாய் வானத்தைப் பார்க்கும்படி விட்டிருந்தார்கள். பெய்த மழையெல்லாம் உள்ளே. இணைப்பு பக்கவாட்டுக்குக் கீழே, மேல் மடிப்பு கீழ்நோக்கி இறங்கும்படி இருக்க வேண்டும். அசையாத காற்றைவிடத் தண்ணீர் இருபது மடங்குக்கு மேல் வெப்பத்தைக் கடத்தும். நனைந்த பஞ்சு போர்த்தியிருப்பது ஈரத்துணி சுற்றியது போலத்தான்.

எரிபொருள் வீணானதைக்கூட விட்டுவிடலாம். பஞ்சைப் பிரித்தபோது இரும்புக் குழாயின் அடிப்பக்கம் துரு செதில் செதிலாகப் பெயர்ந்தது. லேகிங்குக்கு அடியில் பிடிக்கும் துரு என்று ஆலைகளில் தனியாகப் பயப்படுகிற சங்கதி இது. 175 டிகிரிக்குள் ஓடும் இரும்புக் குழாய்கள்தான் அதற்கு வசமாகச் சிக்கும். வெளியே தகடு மினுங்கிக்கொண்டே இருப்பதால் குழாய் ஓட்டையாகும்வரை தெரியாது. எனக்கு இரண்டு நீளம் குழாயையே மாற்ற வேண்டியதாயிற்று.

பிரிக்கும்போது ஒரு பையன் அரைக்கைச் சட்டையோடு வந்து உடம்பெல்லாம் அரிப்பு என்று சொறிந்துகொண்டு நின்றான். முழுக்கை, முகமூடி, கண்ணாடி எல்லாம் நான்தான் வாங்கிக் கொடுத்தேன். இது கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இல்லை, இரண்டையும் போட்டுக் குழப்ப வேண்டாம். காப்புக்குப் போடும் ராக்வூலையும் கிளாஸ்வூலையும் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2002-இல் வெளியிட்ட தொகுப்பில், மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று வகைப்படுத்த முடியாத மூன்றாம் பிரிவுக்கு மாற்றியது. அதற்காகத் தூசியைச் சுவாசிக்கலாம் என்று அர்த்தமில்லை.

இரண்டாவது ஆளைப் பிடித்து மறுபடி ராக்வூலேதான் போட்டேன். பொருள் மேல் எனக்குக் கோபம் கிடையாது. ஒழுங்காகப் போட்டபின் பாய்லர் அறையில் நின்று பேச முடிகிறது, இரைச்சலும் குறைந்திருக்கிறது. அந்தத் திறந்த இழைகள் ஒலியையும் விழுங்கும். மாடிக்கு மாடி குழாய் ஏறும் ஓட்டைகளில் தீ தாவாமல் அடைப்பதற்கும் இதைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

இந்தத் தடவை ஒவ்வொரு கட்டிலும் ஒரு பலகையை நானே தராசில் வைத்தேன். கட்டியபின், தகடு போடும் முன்னால், மெல்லிய கம்பியைப் பஞ்சில் குத்திக் கனத்தை அளந்து போட்டோ எடுத்தேன். எல்போ, வால்வு, ஃபிளாஞ்ச் (குழாய்களை போல்ட் போட்டு இணைக்கும் இடம்) எல்லாம் நான் பார்த்த பிறகுதான் மூட வேண்டும், பணத்தில் ஒரு பங்கு முதல் மழை தாண்டிய பிறகுதான் என்று எழுதி வாங்கினேன். புது ஆள் முகம் சுளிக்கவில்லை. “தராசு நானே கொண்டுவந்திருப்பேனே” என்றார்.

முதல் ஆள் இன்னும் போனை எடுக்கிறார், மரியாதையாகத்தான் பேசுகிறார். பிரித்தெடுத்த பழைய பஞ்சு பதினோரு மூட்டையாக ஷெட் ஓரத்தில் கிடக்கிறது. வந்து பார்த்துவிட்டு ஒரு முடிவு சொல்கிறேன் என்று நாலாவது முறையாகச் சொல்லியிருக்கிறார்.