47 கம்பியில பாக்: கேட்ரின் ஃபின்ச்சோட கோல்ட்பெர்க் ஆல்பம்

வேல்ஸ்ல பிறந்த கேட்ரின் ஃபின்ச் 2009ல டாய்ச்ச கிராமஃபோன் லேபிள்ல வெளியிட்ட ஆல்பம் இது. ஜெர்மன் இசையமைப்பாளர் பாக்கோட கோல்ட்பெர்க் வேரியேஷன்ஸ் மொத்தத்தையும் தானே ஹார்ப்புக்கு, அதாவது விரலால மீட்டுற 47 கம்பி வாத்தியத்துக்கு, மாத்தி எழுதி, ஆர்க்கெஸ்ட்ரா துணை எதுவும் இல்லாம தனியா வாசிச்சிருக்காங்க. விக்டோரியா ராணி காலத்தோட நின்னு போயிருந்த அரச ஹார்ப் கலைஞர் பதவிய 2000ல திரும்பக் கொண்டு வந்தப்போ முதல்ல இவங்களுக்குத்தான் குடுத்தாங்க, வாசிப்போட சுத்தத்தப் பத்தி அதுக்கு மேல சொல்லத் தேவையில்ல.

1741ல அச்சான இந்த மியூசிக் ரெண்டு அடுக்கு கீபோர்டு இருக்கிற ஹார்ப்சிகார்டுங்கிற பழைய கீபோர்டு வாத்தியத்துக்குன்னே எழுதினது. ஆரியான்னு ஒரு சின்னப் பாட்டு, அத விதவிதமா மாத்தின 30 வேரியேஷன், கடைசில மறுபடி அதே ஆரியா. கை மேல கை தாண்டி ஓடுற இடம் நிறைய, பியானோல வாசிச்சா ஒரே கீபோர்டுல ரெண்டு கையும் முட்டிக்கும். ஹார்ப்ல கம்பிக்கு அந்தப் பக்கம் ஒரு கை இந்தப் பக்கம் ஒரு கை, அதனால கொஞ்சம் தப்பிக்கலாம், ஆனா வேற வில்லங்கம் இருக்கு. அதிர்ந்துட்டு இருக்கிற கம்பிய மறுபடி மீட்டணும்னா முதல்ல விரல் அதத் தொடணும், தொட்டதும் பழைய ஒலி செத்துடும். மூணாவது வேரியேஷன்ல ரெண்டு குரலும், அதாவது சேர்ந்து ஓடுற ரெண்டு மெலடி வரியும், ஒரே சுரத்துல தொடங்கி ஒண்ண ஒண்ணு துரத்தும், ரெண்டுக்கும் வேண்டியது அதே கம்பிதான்! அந்த இடத்துல ரெண்டு குரலையும் உயிரோட வச்சிருக்காங்க பாருங்க, ஹார்ப் கத்துக்கிறவங்க நோட்ஸ முன்னாடி விரிச்சு வச்சுட்டு அத மட்டுமே நாலு தடவ கேக்கலாம்.

எனக்கு இந்த ஆல்பம்னாலே 25வது வேரியேஷன்தான். மொத்தத்துல சோகச் சாயல் இருக்கிற மைனர் ஸ்கேல்ல வர்றது மூணே மூணு, அதுல கடைசி இது. மெலடி அரைச்சுரம் அரைச்சுரமா இறங்கிட்டே போகும், பியானோல கறுப்புக் கட்டை வெள்ளைக் கட்டைன்னு விரல் போயிடும், ஹார்ப்ல அப்படி இல்ல, கீழ 7 பெடல் இருக்கு, ஒவ்வொண்ணுக்கும் மூணு நிலை, ஒரு பெடல மிதிச்சா அந்தச் சுரத்தோட எல்லாக் கம்பியும் மேலேருந்து கீழ வரைக்கும் சேர்ந்து மாறிடும், அதனால கை பாடிட்டு இருக்கும்போது கால் ஓயாம வேல செஞ்சாகணும். அந்த அவஸ்தை எதுவும் காதுக்கு வரல. ஒவ்வொரு சுரமும் மெல்லத் தேஞ்சு அடுத்த சுரத்துக்குள்ள கரையுது, கமகத்துக்குப் பழகின நம்ம காதுக்கு ஹார்ப்சிகார்ட விட இது ரொம்பவே கிட்ட வருது. 13வதும் அதே மாதிரி, அவசரமே இல்லாம விரிஞ்சு போற பாட்டு.

வேகமான வேரியேஷன்ஸ்லதான் மனசு முழுசா ஒப்பல. ஹார்ப்சிகார்டுல கட்டைய விட்டதும் ஒலி நின்னுடும், ஹார்ப்ல உள்ளங்கைய வச்சு அமுக்கினாத்தான் நிக்கும், ரெண்டு கையும் ஓடிட்டு இருக்கும்போது அமுக்க எங்க நேரம்? 20வது, 29வதுல எல்லாம் கீழ் ஸ்தாயி ஒலி தேங்கி நின்னு மேல ஓடுற வரிய மூடுது. இது அவங்க குறையே இல்ல, வாத்தியத்தோட இயல்பு. ஆனா ஒவ்வொரு குரலும் தனித்தனியாத் துல்லியமாக் கேக்கணும்னா ஹார்ப்சிகார்டு பதிவு ஏதாவது ஒண்ணோ இல்ல கனடா பியானோ கலைஞர் க்ளென் கூல்டோட 1955 பதிவோதான் சரியா வரும்.

கோல்ட்பெர்க்க முதல் தடவ கேக்கப் போறவங்களுக்கு இத சிபாரிசு பண்ண மாட்டேன். ஏற்கெனவே கேட்டுப் பழகினவங்க கண்டிப்பா வாங்குங்க, மெதுவான வேரியேஷன்ஸுக்காக மட்டுமே வாங்கலாம். போன் ஸ்பீக்கர்ல போடாதீங்க, தடிக் கம்பியோட அதிர்வு அதுல சுத்தமா வராது, நல்ல ஹெட்போன் மாட்டி ஆரியா, 13, 25ன்னு இந்த வரிசைல தொடங்குங்க.