நாலு வயதுக் குழந்தைக்கு ஒரு டார்ச் லைட்

கரண்ட் போனால் மகள் என் போனைப் பிடுங்கிக்கொண்டு ஓடுவாள், அதனால் அவளுக்கென்றே ஒரு டார்ச் வாங்கினோம். முதலில் வாங்கியது திருவிழாக் கடையில், அழகான வாத்து பொம்மை டார்ச். இரண்டாம் நாளே தரையில் விழுந்து பின்மூடி தெறித்து, உள்ளே இருந்த மூன்று பட்டன் பேட்டரிகளும் கட்டிலுக்கடியில் உருண்டுவிட்டன. இரண்டு உடனே கிடைத்தன, மூன்றாவது கைக்கு வரும்வரை எனக்கு உயிரே இல்லை. குழந்தை அதை விழுங்கி, அது உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்திலேயே உள்ளே வெந்துபோகும். விழுங்கியிருக்குமோ என்ற சந்தேகம் வந்தாலே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும், வீட்டில் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது.

இப்போது வைத்திருப்பது சுவர்க் கடிகாரத்துக்குப் போடும் பென்சில் பேட்டரி இரண்டு போடுவது. மூடியில் ஸ்க்ரூ இருக்கிறது, திருப்புளி இல்லாமல் திறக்காது, எனக்கு இது ஒன்றே போதும். தலைப்பக்கம் தடித்த ரப்பர் வளையம், மாடிப்படியில் நாலைந்து தடவை உருண்டும் கண்ணாடி இருக்கும் இடத்தில் கீறல்கூட இல்லை. வெளிச்சம் மிதமாக, கொஞ்சம் மஞ்சளாக இருக்கிறது. தம்பி முகத்தில் அடித்து விளையாடுகிற வயது, கண்ணைக் கூசும் எல்இடி வேண்டவே வேண்டாம்.

குறை ஒன்று உண்டு, தானாக அணையாது. போர்வைக்குள் எரியவிட்டுத் தூங்கிவிடுகிறாள், காலையில் பேட்டரி காலி. அப்புறம், ஊருக்குப் போகும்போது பேட்டரியைக் கழற்றி வையுங்கள், கசிந்தால் ஸ்பிரிங் துருப்பிடித்துவிடும்.