பழைய டர்போ வண்டிக்கு ஆயில்: ஹை மைலேஜ் 5டபிள்யூ-30ஆ, 5டபிள்யூ-40 ஃபுல் சிந்தெட்டிக்கா?

என் வண்டி பெட்ரோல் டர்போ, டைரக்ட் இன்ஜெக்ஷன் (பெட்ரோலை நேரா சிலிண்டருக்குள்ளயே அடிக்கிறது), இப்ப 1,62,000 கிமீ. செகண்ட் ஹேண்டா வாங்குனப்போ 1,30,000 கிட்ட ஓடியிருந்துச்சு. அப்பலேருந்து மூணு விதமான ஆயில் ஓட்டிப் பாத்துட்டேன். வாங்கும்போதே உள்ள இருந்த 10டபிள்யூ-40 செமி சிந்தெட்டிக், அப்புறம் ஹை மைலேஜ்னு, அதாவது நிறைய கிமீ ஓடின வண்டிக்குன்னு, லேபிள் ஒட்டின 5டபிள்யூ-30, இப்ப ஒன்றரை வருஷமா 5டபிள்யூ-40 ஃபுல் சிந்தெட்டிக். கையேட்டுல 5டபிள்யூ-30, 5டபிள்யூ-40 ரெண்டும் போடலாம்னு இருக்கு, அதனாலதான் இந்தக் கேள்வியே வந்துச்சு. முன் நம்பர் குளிர்ல எப்படி ஓடுதுங்கிறதுக்கு, பின் நம்பர் சூட்டுல எவ்வளவு கெட்டிங்கிறதுக்கு. நான் 40 பக்கம்தான், அதை முதல்லயே சொல்லிடுறேன்.

செமி சிந்தெட்டிக் பத்தி நிறைய பேச வேணாம். டர்போ இல்லாத பழைய என்ஜினுக்கு அது தாராளமா போதும், டர்போவுக்கு வேணாம். வாங்கின புதுசுல முழு சர்வீஸ் பண்ணும்போது மெக்கானிக் டர்போவுக்கு ஆயில் போற பைப்போட, நடுவுல ஓட்டை இருக்கிற பேஞ்ஜோ போல்ட்டைக் கழட்டி என் கைல கொடுத்தார். "தம்பி, அந்த ஓட்டைல ஊசி நுழையுதான்னு பாருங்க"ன்னாரு. பாதி ஓட்டை அடைஞ்சிருந்துச்சு, உள்பக்கம் சட்டில தீஞ்சு புடிச்ச மாதிரி கறுப்பா, நகத்தால சுரண்டினா பொடி பொடியா உதிருது. ஆயில் வெந்து கரியானதுதான் அது. டர்போ ஷாஃப்ட் நிமிஷத்துக்கு ஒன்றரை லட்சம் சுத்துக்கு மேலகூட சுத்தும், அதைத் தாங்குறது ஒரு மெல்லிசான ஆயில் படலம்தான், இந்த ஓட்டை அடைஞ்சா டர்போ கதை முடிஞ்சுது. வேகமா ஓட்டிட்டு வந்து உடனே என்ஜினை ஆஃப் பண்ணா ஆயில் ஓட்டம் நின்னுடும், எக்ஸாஸ்ட் பக்கத்து சூடு மட்டும் அப்படியே ஷாஃப்டுக்கு ஏறும், அங்க தேங்கி நிக்கிற ஆயில்தான் இப்படி கரியாகுது.

அடுத்து ஹை மைலேஜ் 5டபிள்யூ-30. இதுல நல்ல விஷயம் இருக்கு, மறைக்க மாட்டேன். வருஷக்கணக்கா சூட்டுல கிடந்து இறுகிப்போன ரப்பர் சீலை கொஞ்சம் இளக்கி லேசா உப்ப வைக்கிற சேர்மானம் இதுல இருக்கும். என் வண்டில கிராங்க் பின்பக்க சீல்ல ஒரு ஈரம் இருந்துச்சு, சொட்டாது, ஆனா தூசி ஒட்டிக்கிட்டு அசிங்கமா இருக்கும், ரெண்டு மூணு மாசத்துல அது நல்லாவே குறைஞ்சுது. குளிர்ல ஸ்டார்ட் ஆகுறதுல 5டபிள்யூ-40ஓட ஒப்பிட்டா எந்த வித்தியாசமும் தெரியல, முன்னாடி இருக்கிற 5டபிள்யூ ரெண்டுக்கும் ஒண்ணுதானே. பெட்ரோல் மைலேஜ்ல 5டபிள்யூ-30 கொஞ்சம் முன்ன நின்னிருக்கலாம், என் ஓட்டத்துல அது கணக்குல புடிபடல.

என் முடிவை மாத்தினது ஒரே விஷயம், ரெண்டு சர்வீஸுக்கு நடுவுல எவ்வளவு ஆயில் காணாமப் போகுதுங்கிறது. இதை நோட்டுல எழுதியே வச்சிருக்கேன். காலைல என்ஜின் ஆறியிருக்கும்போது, சமதரைல நிறுத்தி, டிப்ஸ்டிக்கைத் துடைச்சு மறுபடி விட்டு எடுத்துப் பாப்பேன், 1,000 கிமீக்கு ஒரு தடவை. ஹை மைலேஜ் போட்டப்போ 8,000 கிமீல மொத்தம் 1.1 லிட்டர் டாப் அப் பண்ணியிருக்கேன். 5டபிள்யூ-40 வந்தப்புறம் 7,000 கிமீக்கு 400 மில்லி. நடுவுல பிசிவி வால்வையும் (என்ஜினுக்குள்ள சேர்ற வாயுவை இன்டேக் பக்கம் திருப்பி விடுறது) மாத்தினேன், அதனால முழுப் பெருமையும் ஆயிலுக்குக் கொடுக்க முடியாது, ஒரு வண்டி அனுபவம்தான் இது. ஆனா ரெண்டு ஆயிலோட டேட்டா ஷீட்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தா காரணம் கண்ணுக்கே தெரியுது.

பாக்க வேண்டியது ரெண்டு நம்பர். ஒண்ணு நோவாக். ஆயிலை 250 டிகிரில ஒரு மணி நேரம் வச்சா எத்தனை சதவீதம் ஆவியாகுதுங்கிற கணக்கு. ஏபிஐங்கிற அமெரிக்கத் தரத்துல எஸ்பி வகைக்கு 15 வரைக்கும் அனுமதி, ஏசிஇஏங்கிற ஐரோப்பியத் தரத்துல சி3 வகைக்கு 13 வரைக்கும்தான். நான் போட்ட ஹை மைலேஜ் ஆயில்ல 14, இப்ப போடுறதுல 9. ஆவியான ஆயில் சும்மா போறதில்ல, பிசிவி வழியா இன்டேக் பக்கம் போகுது, டைரக்ட் இன்ஜெக்ஷன்ல பெட்ரோல் இன்டேக் வால்வு மேல படாததால கழுவிவிட ஆள் கிடையாது, அங்கயே கரியா படிஞ்சுடும். மிச்சம் இருக்கிற ஆயிலும் அளவு குறையக் குறைய இன்னும் சூடாகும், சீக்கிரம் கெடும்.

இன்னொண்ணு ஹெச்டிஹெச்எஸ், 150 டிகிரில பயங்கரமா தேய்ப்பு படும்போது ஆயில் எவ்வளவு கெட்டியா நிக்குதுங்கிறது. 30 கிரேடுக்கு குறைஞ்சபட்சம் 2.9 இருந்தா போதும், சி3 ஸ்பெக்ல 3.5க்கு கீழ இறங்கவே கூடாது. இது ஏன் முக்கியம்னா, நம்ம ஓட்டுறது பாதி கிட்டத்து ஓட்டம், என்ஜின் முழுசா சூடாகுறதுக்குள்ள ஆஃப் பண்ணிடுவோம், டைரக்ட் இன்ஜெக்ஷன்ல கொஞ்சம் பெட்ரோல் சிலிண்டர் சுவர் வழியா கீழ இறங்கி ஆயிலோட கலந்துடும், ரிங் தேஞ்ச பழைய என்ஜின்ல இன்னும் ஜாஸ்தி, ஆயில் தண்ணியாகும். 2.9ல ஆரம்பிச்சு தண்ணியாகுறதுக்கும் 3.6ல ஆரம்பிச்சு தண்ணியாகுறதுக்கும் டர்போ பேரிங்ல வித்தியாசம் இருக்கத்தானே செய்யும். சி3லயே 5டபிள்யூ-30 கிடைக்கும், அதுவும் 3.5க்கு மேலதான், 40 வேணாம்னு நினைக்கிறவங்க தைரியமா அதைப் போடலாம். அதான் முன்பக்க லேபிளைவிட பின்னாடி இருக்கிற ஸ்பெக்கைப் பாருங்கன்னு சொல்றேன்.

40ன்னு பாத்ததும் கண்ணை மூடிட்டு எடுக்கவும் கூடாது. சின்ன பெட்ரோல் டர்போல, கம்மி ஆர்பிஎம்ல திடீர்னு ஆக்சிலரேட்டர் மிதிச்சா ஸ்பார்க்குக்கு முன்னாடியே எரியுற பிரச்சனை ஒண்ணு இருக்கு, பிஸ்டனையே உடைக்கும். ஆயில்ல கால்சியம் டிடர்ஜென்ட் ஜாஸ்தியா இருந்தா அதுக்கு வாய்ப்பு கூடும். ஏபிஐல 2018ல வந்த எஸ்என் பிளஸும் 2020ல வந்த எஸ்பியும் இதுக்குன்னே சோதனை வச்ச தரம். அதனால சி3யும் எஸ்பியும் ரெண்டும் டப்பால இருக்கணும்னு தேடித்தான் வாங்குறேன். அதே மாதிரி கையேட்டுல 0டபிள்யூ-20 மட்டும்தான்னு போட்டிருந்தா நான் சொல்றதை வச்சு 40க்குத் தாவாதீங்க, அந்த என்ஜினோட ஆயில் பம்ப், வால்வ் டைமிங் எல்லாம் மெல்லிசான ஆயிலுக்குன்னு அமைச்சது. டீசல் டர்போ நான் வச்சு ஓட்டினதில்ல, டிபிஎஃப் (புகைல இருக்கிற கரியைப் புடிக்கிற ஃபில்டர்) இருக்கிற வண்டின்னா சாம்பல் கம்மியான சி வகை ஆயில்தான் போடணும்ங்கிற அளவோட நிறுத்திக்கிறேன்.

சீல் விஷயத்துக்கு வந்தா, 5டபிள்யூ-40 போட்டப்புறம் அந்தப் பழைய ஈரம் கொஞ்சம் திரும்ப எட்டிப் பாக்குது, இன்னும் சொட்டல. உங்க வண்டி ஆயில் குடிக்கல, கசிவு மட்டும்தான் தொல்லைன்னா ஹை மைலேஜே உங்களுக்கு சரியா இருக்கும், நோவாக் கம்மியா இருக்கிறதா பாத்து எடுங்க. சீல் கிழிஞ்சிருந்தா எந்த ஆயிலும் அடைக்காது, மாத்தித்தான் ஆகணும்.

இப்பல்லாம் எதைப் போட்டாலும் நான் 7,000 கிமீக்கு மேல விடுறதில்ல, ஃபில்டரும் கூடவே மாத்திடுவேன், வேகமா ஓட்டிட்டு வந்தா கடைசி ரெண்டு மூணு கிமீ மெதுவா ஓட்டி டர்போவை ஆறவிட்டுத்தான் நிறுத்துவேன். போன சர்வீஸ்ல அதே போல்ட்டைக் கழட்டிப் பாத்தோம், ஊசி தடங்கல் இல்லாம உள்ள போச்சு, விரல்ல கறுப்பு ஒட்டினதே தவிர உதிர்ற மாதிரி ஒண்ணும் இல்ல.