ஓடையோர வீட்டைத் திரும்பக் கட்டுகிறவர்களுக்கு ஃபெமா வெள்ள வரைபடத் தளம் எவ்வளவு உதவும்?

அமெரிக்காவில் ஓடைப் பக்கம் வீடு வைத்திருந்து, வெள்ளத்திலோ காட்டுத்தீயிலோ அது சேதமாகி, இனி எப்படிக் கட்டலாம் என்று தேட ஆரம்பிக்கிறவர்கள் பெரும்பாலும் முதலில் போய்ப் பார்ப்பது, கூட்டாட்சி அரசின் பேரிடர் அமைப்பான ஃபெமாவின் ஃப்ளட் மேப் சர்வீஸ் சென்டர் என்ற வெள்ள வரைபடத் தளத்தைத்தான். காசு கிடையாது, முகவரியைத் தட்டினால் வரைபடம் வந்துவிடும். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஐந்துக்கு மூன்றரை. அங்கே இருப்பது நல்ல தகவல். ஆனால் வீட்டைத் திரும்பக் கட்டலாமா, எவ்வளவு உயரத்தில் கட்ட வேண்டும், ஓடையிலிருந்து எவ்வளவு தள்ளிக் கட்ட வேண்டும் என்பதையெல்லாம் கடைசியில் முடிவு செய்வது உங்கள் நகரம் அல்லது கவுன்டியின் (நம்மூர் மாவட்டம் மாதிரி) விதி. வரைபடத்தில் அந்த விதி தெரியாது. நிறத்தை மட்டும் பார்த்துவிட்டு கான்ட்ராக்டருக்கு அட்வான்ஸ் கொடுத்துவிடுகிறார்கள், எனக்கு இருக்கிற பெரிய கவலை அதுதான்.

சரி, தளத்துக்கு வருவோம். முகவரியைப் போட்டதும் ஒரு குறி விழும். அது பல சமயம் வீட்டின் மேல் விழாது, தெருவோரத்திலோ மனையின் நடுவிலோ விழும். ஓடையோர மனைகளில் முன்பக்கம் மேடாகவும் பின்பக்கம் சரிவாகவும் இருப்பதால் கொஞ்சம் தள்ளினாலே ஸோன், அதாவது வெள்ள ஆபத்தைப் பொறுத்துப் பிரித்த பகுதி, மாறிவிடும். அதனால் சாட்டிலைட் படத்தைப் பார்த்து வீடு இருக்கிற இடத்துக்கு நீங்களே குறியை நகர்த்துங்கள். அப்புறம் ஃபர்மெட் என்ற ஒரு பக்கப் படத்தை இறக்கிக்கொள்ளலாம், பெர்மிட் விண்ணப்பத்தோடு வைக்க அது போதும். அதன் ஓரத்தில் வரைபடம் அமலுக்கு வந்த தேதி இருக்கும், அதைக் கட்டாயம் பாருங்கள், சில ஓடைகளின் வரைபடம் ரொம்பப் பழையது.

வரைபடத்தில் ஸோன்களுக்கு எழுத்துகள் இருக்கும். ஏஇ ஸோன் என்றால் ஒரு வருடத்தில் வருவதற்கு 1 சதவீத வாய்ப்புள்ள வெள்ளம் எந்த உயரம் வரை ஏறும் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். நூறு வருஷ வெள்ளம் என்று பேச்சுவழக்கில் சொல்வது இதைத்தான். நூறு வருடத்துக்கு ஒருமுறைதானே என்று யாரும் நிம்மதி அடைய வேண்டாம், 30 வருட வீட்டுக்கடன் முடிவதற்குள் அது ஒருமுறையாவது வர சுமார் 26 சதவீத வாய்ப்பு இருக்கிறது. வெறும் ஏ என்று இருந்தால் வெள்ளப் பகுதிதான், ஆனால் உயரம் கணக்கிடவில்லை. சின்ன ஓடைகளில் இதை நிறையப் பார்க்கலாம். அந்த உயரத்தைப் பொறியாளரை வைத்துக் கண்டுபிடிக்கிற செலவு பெரும்பாலும் வீட்டுக்காரர் தலையில்தான் விழும்.

இந்தத் தளத்தில் எனக்கு ரொம்பப் பிடித்தது, பலர் திறந்தே பார்க்காத ஃப்ளட் இன்ஷூரன்ஸ் ஸ்டடி அறிக்கை. எல்லாப் பொருட்களையும் காட்டு என்கிற பொத்தானுக்குள் ஒளிந்திருக்கிறது. வரைபடத்தில் வெள்ள உயரத்தைக் கிட்டத்தட்ட முழு அடியாக்கிப் போட்டிருப்பார்கள். அறிக்கையில் ஒவ்வொரு ஓடைக்கும் நீளவாக்கில் ஒரு வரைகோட்டுப் படம் இருக்கும், அதில் உங்கள் வீட்டுக்கு நேரான இடத்தில் பத்தில் ஒரு அடி வரைகூடப் படிக்கலாம். அஸ்திவாரத்தை உயர்த்துகிறவருக்கு அரை அடியும் பெரிய பணம். ஆனால் உயரத்தை எந்த ஆரம்ப மட்டத்திலிருந்து அளந்திருக்கிறார்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள். பழைய அறிக்கைகள் 1929ம் வருட மட்ட அளவையில் இருக்கும், புதியவை 1988ம் வருட அளவையில். இரண்டையும் கலந்துவிட்டால் தரைமட்டமே தப்பாகப் போகும்.

இனி வரைபடம் சொல்லாத விஷயம். சேதத்துக்கு முன் கட்டடத்துக்கு இருந்த சந்தை மதிப்பில், நிலத்தைச் சேர்க்காமல், பழுதுபார்க்கும் செலவு 50 சதவீதத்தைத் தொட்டால் அதை சப்ஸ்டான்ஷியல் டேமேஜ் (பெரும் சேதம்) என்பார்கள். அப்படி முடிவானால் பழைய வீட்டைப் பழையபடியே திருப்பிக் கட்ட முடியாது, வெள்ளப் பகுதியில் இருக்கிற வீட்டின் கீழ்த்தளத்தை வெள்ள உயரத்துக்காவது ஏற்ற வேண்டும். நிறையப் பேர் தவறவிடுகிற இடம் இது: சேதம் எதனால் வந்தாலும் இந்த விதிதான். தீயில் எரிந்த வீடாக இருந்தாலும் ஓடையின் வெள்ளப் பகுதிக்குள் இருந்தால் ஏற்றித்தான் கட்ட வேண்டும். எங்கள் வீட்டில் தண்ணீரே வரவில்லையே என்று அலுவலகத்தில் போய் அழுகிறவர்களைப் பார்க்க மனசு கஷ்டமாக இருக்கிறது. வரைபடத்தின் ஓரத்திலேயே இதை இரண்டு வரியில் எழுதி வைத்திருந்தால் எவ்வளவு பேருக்கு உதவியாக இருக்கும்!

அந்த 50 சதவீதமும் கூட்டாட்சி அரசு வைத்த குறைந்தபட்சம்தான். ஊர்கள் அதற்கு மேல் கடுமையாக வைத்துக்கொள்ளலாம், பல ஊர்கள் வைத்திருக்கின்றன. சில இடங்களில் முந்தைய வருடங்களில் செய்த பழுதுவேலையையும் சேர்த்துக் கணக்குப் போடுவார்கள். டெக்சாஸின் ஹூஸ்டன் நகரம் ஹார்வி புயலுக்குப் பிறகு 2018ல் விதியை மாற்றி, ஐநூறு வருஷ வெள்ள உயரத்துக்கும் 2 அடி மேலே கட்டச் சொன்னது. கலிஃபோர்னியாவின் சாண்டா பார்பரா கவுன்டியில் பொதுவாக ஓடைக்கரையின் மேல்விளிம்பிலிருந்து 50 அடி விடவேண்டும். ஃபெமா வரைபடத்தில் பார்த்தால் இரண்டு ஊரும் ஒரே ஏஇ எழுத்துதான், கட்டுகிற செலவோ வேறு வேறு.

ஏஇ பகுதிக்குள் சாய்கோடு போட்ட ஃப்ளட்வே இருந்தால் இன்னும் கவனம் தேவை. வெள்ளம் ஓடுவதற்கென்றே விட்டுவைத்த பாதை அது. அங்கே எதையாவது கட்டினால் நீர்மட்டம் துளிகூட ஏறாது என்று பொறியாளர் கணக்குப் போட்டுச் சான்று தர வேண்டும். சில ஊர்கள் அங்கே புது வீடு கட்டவே விடாது.

வரைபடத்துக்கு வெளியே இருக்கிறோம், தப்பித்தோம் என்பதும் ஆபத்தான நினைப்பு. 2017ல் ஹார்வி வந்தபோது ஹூஸ்டன் இருக்கிற ஹாரிஸ் கவுன்டியில் ஒன்றரை லட்சத்துக்கும் மேலான வீடுகளில் தண்ணீர் புகுந்தது, அதில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நூறு வருஷ வெள்ளப் பகுதிக்கு வெளியே இருந்தவை. ரொம்பச் சின்ன ஓடைகளையும், ஓடைக்கு வந்து சேராமல் தெருவில் தேங்குகிற மழைநீரையும் இந்த வரைபடம் பெரும்பாலும் காட்டுவதில்லை. தவிர, ஓடை இருந்த இடத்திலேயே இருக்கும் என்று எதிர்பார்க்கவும் முடியாது. 2013 செப்டம்பரில் கொலராடோவின் போல்டர், லயன்ஸ் பக்கம் ஓடைகள் பாதையையே மாற்றிக்கொண்டன, மாநிலம் புதிதாக வரைபடம் போட வேண்டியிருந்தது. சாண்டா பார்பரா கவுன்டியில் இருக்கிற மான்டெசிட்டோவில் 2017 டிசம்பர் காட்டுத்தீக்குப் பிறகு 2018 ஜனவரி 9 அன்று மலையிலிருந்து சேறும் பாறையும் ஓடை வழியே இறங்கி 23 பேர் இறந்தார்கள். அதன்பின் தரையின் அமைப்பே மாறிப்போனதால் ஃபெமா அந்த ஜூன் மாதம் தனியாக ஒரு மீட்பு வரைபடம் கொடுத்தது. உங்கள் பகுதிக்கும் அப்படி வந்திருக்கலாம், பழைய படத்தோடு நின்றுவிடாமல் இன்னும் அமலுக்கு வராத புது வரைபடங்கள் இருக்கிற ப்ரிலிமினரி என்கிற பகுதியையும் பாருங்கள், பேரிடருக்குப் பின் தனி வரைபடம் போட்டார்களா என்று கவுன்டியிலும் கேளுங்கள்.

பாராட்ட வேண்டிய இன்னொன்று லோமா என்கிற வரைபடத் திருத்தக் கடிதம். வீடு நிற்கிற இயற்கைத் தரை வெள்ள உயரத்துக்கு மேலே இருந்தும் வரைபடம் வெள்ளப் பகுதி என்று காட்டினால், திருத்தம் கேட்டு விண்ணப்பிக்கலாம், ஃபெமாவுக்குக் கட்டணம் இல்லை, சர்வேயருக்கு மட்டும்தான் செலவு.

வரைபடத்தை அச்செடுத்துக்கொண்டு உங்கள் ஊரில் வெள்ளப் பகுதி விதிகளைப் பார்த்துக்கொள்ளும் அதிகாரியான ஃப்ளட்ப்ளெயின் அட்மினிஸ்ட்ரேட்டரிடம் போங்கள். என் வீடு சப்ஸ்டான்ஷியல் டேமேஜா, எந்த மதிப்பை வைத்துக் கணக்குப் போட்டீர்கள், வெள்ள உயரத்துக்கு மேல் எத்தனை அடி கேட்கிறீர்கள், ஓடைக்கரையிலிருந்து எத்தனை அடி விட வேண்டும் என்று கேளுங்கள். வாய்வார்த்தை வேண்டாம், பதிலை எழுத்தில் வாங்குங்கள். மதிப்பு குறைவாகத் தெரிந்தால் தனியாக அப்ரைசர் (சொத்து மதிப்பீட்டாளர்) அறிக்கை கொடுத்தால் ஏற்பீர்களா என்றும் கேட்டுவிடுங்கள். பதில் வரும்வரை சேற்றை அள்ளுவது, உலர்த்துவது, தார்ப்பாய் போட்டு மூடுவது இவற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள், ட்ரைவால் (உள்சுவர்ப் பலகை), வயரிங் எல்லாம் பெர்மிட் கைக்கு வந்த பிறகு.