பழைய எர்டிகா வாங்கப் போகிறீர்களா? எந்த வருஷம், எந்த இன்ஜின், எதைத் திறந்து பார்ப்பது

டிக்கி வரை கூரை நீண்ட ஸ்டேஷன் வேகன் கார் நம் ஊரில் எடுபடவே இல்லை. பலேனோ ஆல்டூரா, இண்டிகோ மரீனா எல்லாம் வந்த சுவடு தெரியாமல் போயின. அந்த இடத்தில் இன்று நிற்பது ஏழு சீட்டு மாருதி எர்டிகா. இரண்டாவது குழந்தை பிறந்து, தாத்தா பாட்டியும் கூட இருக்கிற வீட்டில் ஸ்விஃப்ட் போதாமல் போகும்போது, செகண்ட் ஹாண்டில் முதலில் விசாரிப்பது இந்த வண்டியைத்தான். விசாரிக்கலாம், தப்பில்லை. பழைய எர்டிகாவில் இன்ஜின் கைவிடுவது அபூர்வம். ஏமாற்றுவது பெரும்பாலும் அது முன்பு பார்த்த வேலை, அதாவது டாக்ஸியாக ஓடியது.

முதல் தலைமுறை 2012 ஏப்ரலில் வந்தது. 1.4 லிட்டர் பெட்ரோல், 1.3 லிட்டர் டீசல் என இரண்டு இன்ஜின். 2018 நவம்பரில் வந்த இரண்டாம் தலைமுறையில் 1.5 லிட்டர் பெட்ரோல். 2022 ஏப்ரலில் அந்த இன்ஜினைத் திருத்தி, பழைய 4 கியர் ஆட்டோமேட்டிக்கை எடுத்துவிட்டு 6 கியர் பெட்டி வைத்தார்கள். குடும்பத்துக்கு வாங்குகிறவர்கள் முதல் தலைமுறையை விட்டுவிடலாம் என்பதே எங்கள் கருத்து. அதன் அடிப்படை வகையான எல்எக்ஸ்ஐ வண்டிகள் பலவற்றில் ஏர்பேக்கும், திடீர் பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ்ஸும் கிடையாது. மூன்றாவது வரிசையை நிமிர்த்தினால் டிக்கியில் மிஞ்சுவது 135 லிட்டர்தான். இரண்டாம் தலைமுறையில் எல்லா வகையிலும் குறைந்தது இரண்டு ஏர்பேக், ஏபிஎஸ், குழந்தை இருக்கை பூட்ட ஐசோஃபிக்ஸ் கொக்கி எல்லாம் உண்டு. டிக்கியும் 209 லிட்டர்.

இந்த 209 லிட்டரைக் கண்ணால் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். இரண்டு ஸ்கூல் பேக், ஒரு சின்ன டிராலி பெட்டி, அவ்வளவுதான். குழந்தையைத் தள்ளும் ஸ்ட்ரோலர் படுக்காது. ஏழு பேர் ஏறி ஊருக்குப் போவதானால் மேலே கேரியர் போட்டுத்தான் ஆக வேண்டும். ஆறு பேர் என்றால் கதையே வேறு. மூன்றாவது வரிசை பாதிப் பாதியாக மடங்கும் என்பதால், ஒரு பாதியை மடித்துவிட்டால் ஸ்ட்ரோலரும் பெரிய பெட்டியும் அடங்கும். ஐந்து பேர் போய், முழு வரிசையையும் மடித்தால் 550 லிட்டர். இந்த விலையில் ஸ்டேஷன் வேகனுக்கு இதைவிட என்ன வேண்டும்?

குழந்தை இருக்கையில் ஒரு சிக்கல் உண்டு. விற்கிறவர்கள் சொல்ல மாட்டார்கள். மூன்றாவது வரிசைக்குப் போக நடுவரிசை சீட்டை மடித்து முன்னே தள்ள வேண்டும். ஐசோஃபிக்ஸில் பூட்டிய இருக்கை அந்தப் பக்கத்தை அப்படியே கட்டிப்போட்டுவிடும். ஒரு குழந்தை என்றால் மறுபக்கம் வழி இருக்கிறது. இரண்டு பக்கமும் குழந்தை இருக்கை என்றால் மூன்றாவது வரிசை வெறும் காட்சிப் பொருள்தான். அப்படிப்பட்ட வீட்டுக்கு மாருதியின் ஆறு சீட்டு எக்ஸ்எல்6 பொருத்தம். 2019 ஆகஸ்டில் வந்தது, எர்டிகாவின் அதே உடல், அதே இன்ஜின். நடுவரிசையில் இரண்டு தனி சீட்டு இருப்பதால் இடையில் நுழைந்து பின்னால் போகலாம். வாங்கும் முன் உங்கள் குழந்தை இருக்கையைக் கையோடு எடுத்துப் போய்ப் பூட்டிப் பாருங்கள்.

இன்ஜினுக்கு வருவோம். 2022க்கு முந்தைய 1.5 பெட்ரோலின் சக்தி 105 பிஎஸ், முறுக்குவிசை 138 நியூட்டன் மீட்டர். டைமிங் செயின் இருப்பதால் பெல்ட் மாற்றும் செலவில்லை. மேனுவல் கியர்தான் எங்கள் முதல் தேர்வு. 4 கியர் ஆட்டோமேட்டிக் சென்னை டிராஃபிக்குக்குப் போதும், கெடுவதும் குறைவு. ஆறு பேரோடு ஏற்காடு ஏறினால் மூச்சு வாங்கும். டீசல் 2020 ஏப்ரலில் பிஎஸ்6 புகை விதி வந்ததோடு நின்றுவிட்டது. மாதம் 1,500 கிலோமீட்டருக்கு மேல் நெடுஞ்சாலையில் ஓடுகிறவர்களுக்குத்தான் அது லாபம். ஊருக்குள் மட்டும் ஓடிய டீசல் என்றால், புகையில் ஒரு பகுதியை இன்ஜினுக்கே திருப்பி அனுப்பும் ஈஜிஆர் வால்வில் கரி படிந்திருக்கும். இழுவை குறைந்து, ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது கறுப்புப் புகை தள்ளினால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

சி.என்.ஜி. வண்டி ஓட்டச் செலவு குறைவுதான். ஆனால் சிலிண்டர் உட்காருவது மூன்றாவது வரிசைக்குப் பின்னால், அதாவது அந்த 209 லிட்டரில். குடும்ப வண்டியாக வாங்குவதன் நோக்கமே அதோடு போய்விடும். பரவாயில்லை என்றால், சிலிண்டருக்கு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை செய்ய வேண்டிய ஹைட்ரோ டெஸ்ட் சான்றிதழைக் கேளுங்கள். ஆர்.சி.யில் எரிபொருள் சி.என்.ஜி. என்று ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

2018 மே முதல் 2020 அக்டோபர் வரை தயாரான பெட்ரோல் வண்டி என்றால் ஒரு கேள்வி கட்டாயம். இன்ஜினுக்குச் சின்ன மோட்டார் கைகொடுக்கும் எஸ்.எச்.வி.எஸ். (மைல்ட் ஹைபிரிட்) அமைப்பின் மோட்டார் ஜெனரேட்டர் யூனிட்டுக்காக மாருதி இரண்டு முறை ரீகால் அறிவித்தது: 2019 டிசம்பரில் 63,493 வண்டிகள், 2021 செப்டம்பரில் 1,81,754 வண்டிகள். எர்டிகாவோடு சியாஸ், எக்ஸ்எல்6 போன்றவையும் இந்தக் கணக்கில் சேர்ந்தவை. பழுதான யூனிட்டை இலவசமாக மாற்றித் தந்தார்கள். சேசிஸ் நம்பரைக் கொடுத்தால் இந்த வண்டி பட்டியலில் இருந்ததா, வேலை முடிந்ததா என்று சர்வீஸ் சென்டரில் சொல்லிவிடுவார்கள். போன கையோடு சர்வீஸ் ஹிஸ்டரியையும் பாருங்கள். ஒவ்வொரு சர்வீஸிலும் பதிவான கிலோமீட்டரை வரிசையாக வைத்துப் பார்த்தால், மீட்டரைத் திருப்பியிருந்தால் அங்கேயே தெரிந்துவிடும்.

அடுத்து அந்த முன்பு பார்த்த வேலை. எர்டிகா டாக்ஸியாக நிறைய ஓடுகிறது. மஞ்சள் போர்டை வெள்ளையாக மாற்றி விற்பது சட்டப்படி சரிதான். மறைத்து விற்பதுதான் வம்பு. ஆர்.சி. விவரம் வெள்ளையாக இருந்தாலும் உடம்பு காட்டிக்கொடுக்கும். கதவுத் தூணில் பேனிக் பட்டன் இருந்த துளை, டேஷ்போர்டில் ஜிபிஎஸ் ஸ்குரூ அடித்த தழும்பு, பம்பரில் ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர் ஒட்டிய பசை ஆகியவற்றைத் தேடுங்கள். சீட் கவர் புதிதாக இருந்தால் அதைத் தூக்கி நடுவரிசை நுரையை அமுக்கிப் பாருங்கள். சவாரி ஓடிய வண்டியில் கதவோர நுரை தொய்ந்து, உள்ளிருக்கும் கம்பி கைக்குத் தட்டுப்படும். மீட்டர் 40,000 காட்டும்போது கிளட்ச் பெடல் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருந்தால் இரண்டில் ஒன்று பொய்.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் தயாரானது. கண்ணாடிகளிலும் தயாரிப்பு வருடக் குறி உண்டு. ஒரு கண்ணாடி மட்டும் பிந்தைய வருடமாக இருந்தால் அந்தப் பக்கம் ஏன் மாற்றினார்கள் என்று கேளுங்கள். கதவின் ரப்பர் பீடிங்கை விரலால் இழுத்து உள்ளே தெரியும் ஸ்பாட் வெல்டிங் புள்ளிகளைப் பாருங்கள். ஒரே சீராக வட்டம் வட்டமாக இருந்தால் கம்பெனி வேலை. பேஸ்ட் அப்பி மூடியிருந்தால் டிங்கரிங் நடந்திருக்கிறது.

சென்னை வண்டி என்றால் வெள்ளச் சோதனை தனி. 2015 டிசம்பர் வெள்ளம், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் இரண்டிலும் ஏராளமான கார்கள் மூழ்கின. சீட் பெல்ட்டை முழுதாக இழுத்தால் அடிப்பகுதி நாடாவில் சேற்றுக் கோடு இருக்கும். அதை யாரும் கழுவுவதில்லை. முன் சீட்டைப் பின்னே தள்ளித் தண்டவாள போல்ட்டில் துரு இருக்கிறதா பாருங்கள்.

ஸ்டெப்னி வண்டிக்கு அடியில் தொங்குகிறது. சேறும் தண்ணீரும் பட்டு அந்த இறக்கும் பொறி இறுகிப்போவது சாதாரணம். நடுரோட்டில் பஞ்சரானபோது அது தெரிவதைவிட விற்பவர் வீட்டு வாசலிலேயே ஒருமுறை இறக்கி ஏற்றச் சொல்லுங்கள்.

ஓட்டிப் பார்க்கும்போது தனியாகப் போகாதீர்கள். குறைந்தது ஐந்து பேர் ஏறுங்கள். வேகத்தடையில் முன்பக்கம் ‘டக் டக்’ என்றால் சஸ்பென்ஷனில் லிங்க் ராட் அல்லது லோயர் ஆர்ம் புஷ் தேய்ந்திருக்கும். இது சின்னச் செலவு, விலையில் கழித்துக்கொள்ளலாம். மதிய வெயிலில் ஏசி போட்டு, கூரையில் உள்ள பின் ஊதியை முழு வேகத்தில் வைத்துக் கடைசி வரிசையில் பத்து நிமிடம் ஒருவர் உட்காரட்டும். அங்கே ஜன்னல் திறக்காது. எல்எக்ஸ்ஐ வகையில் பின் ஏசி இல்லாத வண்டிகளும் உண்டு. குழந்தைகளைப் பின்னால் உட்கார வைப்பதானால் அதைத் தொடவே வேண்டாம்.

பாதுகாப்பில் இது சுமார்தான். காரை மோதவிட்டுப் பார்க்கும் குளோபல் என்கேப் சோதனையில் 2019இல் 5க்கு 3 நட்சத்திரம். விதிகளைக் கடுமையாக்கிய பின் 2024இல் ஆப்பிரிக்கச் சந்தைக்கான வண்டியைச் சோதித்தபோது பெரியவர்களுக்கு 1 நட்சத்திரம். நட்சத்திரம் முக்கியம் என்றால் ரெனோ டிரைபர் 2021இல் பழைய விதிப்படி 4 வாங்கியது. ஆனால் அது 1 லிட்டர் இன்ஜின். முழு ஆளோடு திணறும். இன்னோவா கிரிஸ்டா எல்லாவற்றிலும் மேல், விலையிலும் மேல்.

பணம் கைமாறும் முன் இன்சூரன்ஸ் பாலிசியில் வண்டியின் மதிப்பாகப் போட்டிருக்கும் ஐடிவி தொகையைப் பாருங்கள். பேரத்துக்கு அது ஒரு அளவுகோல். எர்டிகாவுக்குக் கிராக்கி இருப்பதால் அதைவிடக் கூடுதலாகக் கேட்பார்கள். லோன் இருந்த வண்டி என்றால் வங்கியின் என்.ஓ.சி.யும், ஆர்.சி.யில் இருந்து லோன் குறிப்பை நீக்கும் படிவம் 35உம் கையில் வந்தபின்தான் மீதித் தொகை. பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் விற்பவர் கையெழுத்து உங்கள் கண் முன்னால் விழ வேண்டும். புதுச்சேரி, டெல்லி நம்பர் வண்டி மலிவாகத் தெரியும், அந்த ஆர்.டி.ஓ.வின் என்.ஓ.சி., இங்கே கட்ட வேண்டிய வரி இரண்டையும் கூட்டிப் பார்த்தால் பல நேரம் மலிவு காணாமல் போய்விடும். க்ளெய்ம் செய்யாததற்கான தள்ளுபடியான நோ க்ளெய்ம் போனஸ் விற்பவரோடு போய்விடும் என்பதால் பிரீமியம் ஏறும். இன்சூரன்ஸை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். நிலுவை இ-சலானை அவரையே கட்டச் சொல்லுங்கள், அவருடைய ஃபாஸ்டேக்கைக் கண்ணாடியிலிருந்து கிழித்துவிட்டு உங்கள் பெயரில் புதிது ஒட்டுங்கள்.