ஒரே கதை, ஒரே இயக்குநர், இருபத்தைந்து ஆண்டு இடைவெளி: ஓஸுவின் இரட்டைத் தொகுப்பு

ஜப்பானிய இயக்குநர் யசுஜிரோ ஓஸு 1934-இல் எடுத்த ‘உகிகுசா மோனோகதாரி’ என்ற மௌனப் படத்தையும், அதே கதையை அவரே 1959-இல் வண்ணத்தில் மறுபடி எடுத்த ‘உகிகுசா’ படத்தையும் ஒன்றாகச் சேர்த்து, பழைய படங்களைத் தேர்ந்து வட்டுகளாக வெளியிடும் அமெரிக்க நிறுவனமான கிரைட்டீரியன் 2004-இல் இரண்டு டிவிடிகள் கொண்ட தொகுப்பாக வெளியிட்டது. பழைய படங்களைச் சேர்ந்து பார்த்து, பார்த்த பிறகு வெகுநேரம் விவாதிப்பது எனக்கும் என் மனைவிக்கும் நீண்டநாள் வழக்கம். அந்த வழக்கத்துக்கு இவ்வளவு பொருத்தமான ஒரு தொகுப்பு இதுவரை எங்கள் கைக்கு வந்ததில்லை. வெவ்வேறு காலத்துப் படங்களை ஒப்பிடும்போது கதை, நடிகர், இயக்குநர், நாடு என்று எல்லாமே மாறிவிடுவதால், எந்த வேறுபாடு எதனால் வந்தது என்று பிரித்துச் சொல்வது கடினம். இங்கே கதையும் இயக்குநரும் மாறவில்லை. மாறியவை காலமும் அவருடைய வயதும்தான். முதல் படத்தை எடுத்தபோது ஓஸுவுக்கு முப்பது வயது. இரண்டாவதை எடுத்தபோது ஐம்பத்தைந்து.

கதையைச் சில வரிகளில் சொல்லிவிடலாம். ஊர் ஊராகப் போய் நாடகம் போடும் குழுவின் தலைவர், பல ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு சிற்றூருக்கு வருகிறார். அங்கே சிறு கடை நடத்தும் ஒரு பெண்ணிடம் அவருக்குப் பிறந்த மகன் வளர்ந்து ஆளாகியிருக்கிறான். அவரைத் தன் மாமா என்றே அவன் நம்புகிறான். குழுவில் அவரோடு வாழும் நடிகைக்கு இந்த உறவு தெரியவர, ஆத்திரத்தில் அவள் இளம் நடிகை ஒருத்திக்குப் பணம் கொடுத்து அந்த மகனை மயக்கச் சொல்கிறாள். மீதியைப் படத்திலேயே பார்க்க வேண்டும்.

1934 படம் எண்பத்தாறு நிமிடம். தமிழில் 1931-லேயே ‘காளிதாஸ்’ வந்து திரை பேசத் தொடங்கியிருக்க, ஜப்பானில் 1934-இலும் மௌனப் படங்கள் மதிப்போடு எடுக்கப்பட்டன என்பது நம் வாசகர்கள் பலருக்கும் வியப்பாக இருக்கும். திரைக்கு அருகில் நின்று கதையையும் உரையாடலையும் குரல் மாற்றிச் சொல்லும் பென்ஷிகள் அங்கே நட்சத்திரங்களுக்கு நிகரான செல்வாக்கோடு இருந்தது அதற்கு ஒரு காரணம். ஓஸுவின் முதல் பேசும் படம் 1936-இல்தான் வந்தது. இந்த டிவிடியில் பென்ஷியின் குரல் இல்லை. அதற்குப் பதிலாக டொனால்ட் சோஸின் புதிதாக அமைத்த இசை இருக்கிறது. அது காட்சிகளை முந்திக்கொண்டு உணர்ச்சியைத் திணிக்காத, அடக்கமான இசை. ஆனாலும் தந்தையும் மகனும் ஆற்றில் நின்று மீன் பிடிக்கும் காட்சியை ஒலியை முழுவதுமாக நிறுத்திவிட்டு ஒருமுறை பார்க்கும்படி பரிந்துரைக்கிறேன். இருவரும் அருகருகே நின்று ஒரே கணத்தில் தூண்டிலை வீசுகிறார்கள், ஒரே கணத்தில் இழுக்கிறார்கள். அருகில் நிற்பவர் தன் தந்தை என்பது மகனுக்குத் தெரியாவிட்டாலும் நமக்கு அந்தக் கைகளின் அசைவில் அந்த உறவு தெரிந்துவிடுகிறது. தந்தையின் பணப்பை ஆற்றில் விழுந்து போவதும் அதே காட்சியில்தான்.

1959 படத்தில் ஊர் மாறிவிடுகிறது. ஆற்றங்கரை ஊருக்குப் பதிலாகக் கடலோரத்து மீனவக் கிராமம். குழுவினர் ரயிலில் வராமல் கப்பலில் வந்து இறங்குகிறார்கள். மகன் அஞ்சலகத்தில் வேலை பார்க்கிறான். தூரத்தில் நிற்கும் வெள்ளைக் கலங்கரை விளக்கத்தையும் கரையில் நிற்கும் ஒரு பாட்டிலையும் ஒரே சட்டகத்தில் இணைத்துக் காட்டும் அந்த முதல் காட்சியைப் பார்த்தவுடனேயே என் மனைவி படத்தை நிறுத்தச் சொல்லிவிட்டார். ஓஸு வழக்கமாகப் பணிபுரிந்த ஷோச்சிகு நிறுவனத்துக்கு வெளியே, தாயே நிறுவனத்துக்காக எடுத்த படம் இது. அதனால்தான் ‘ரஷோமோன்’ படத்தின் ஒளிப்பதிவாளர் கஸுவோ மியாகவாவின் கை இதில் கிடைத்திருக்கிறது. ஓஸுவின் மற்ற வண்ணப் படங்களில் இல்லாத ஒரு கோடைகால வெக்கையும் நிழலின் அடர்த்தியும் இதில் உண்டு.

இரு படங்களையும் அடுத்தடுத்த இரவுகளில் பார்ப்பவர்கள் மழைச் சண்டைக் காட்சியில் கட்டாயம் நின்றுவிடுவார்கள். தெருவின் ஒரு பக்கக் கூரையின் கீழே குழுத் தலைவர், எதிர்ப்பக்கக் கூரையின் கீழே அவரோடு வாழும் நடிகை, நடுவில் கொட்டும் மழை. இரண்டிலும் அமைப்பு ஏறத்தாழ ஒன்றுதான். 1934-இல் கோபத்தை முகத்தில் படித்து, பிறகு காட்சிகளுக்கு நடுவே வசனத்தைக் காட்டும் எழுத்து அட்டையில் சொற்களைப் படிக்கிறோம். அந்த இடைவெளியில் நடிகையின் முகம் மனத்தில் ஆழமாகத் தங்குகிறது. 1959-இல் மழையின் இரைச்சலை மீறி இருவரும் ஒருவரையொருவர் ஏசுகிறார்கள். தன் மகன் அவளைப் போன்றவர்களின் இனம் அல்ல என்று அவர் சொல்ல, ஆபத்தில் தான் கைகொடுத்ததை அவள் சொல்லிக்காட்டுகிறாள். அவளாக நடிக்கும் மச்சிகோ கியோ அந்த இடத்தில் குரலை உயர்த்தும் விதத்தைக் கேட்ட பிறகு, அந்தப் பாத்திரத்தை வெறும் பொறாமைக்காரி என்று யாரும் ஒதுக்க முடியாது.

எங்கள் கருத்து பிரிந்ததும் இங்கேதான். 1959 படமே முழுமையானது என்பது மனைவியின் தீர்ப்பு. அந்த நடிகைக்கு உரிய நியாயம் அதில்தான் கிடைக்கிறது என்கிறார். நான் 1934-இன் பக்கம். தகேஷி சகமோட்டோவின் தலைவர் ஏழை, படிக்காதவர், தன் மகனின் படிப்பின் முன் கூசி நிற்பவர். அவர் மேல் எனக்கு இரக்கம் வருகிறது. 1959-இல் நகமுரா கான்ஜிரோவின் தலைவர், ஜப்பானிய மரபு நாடகமான கபுகி மேடையிலிருந்து வந்த பெரும் நடிகருக்கே உரிய மிடுக்கோடு இருப்பதால் அவருடைய வீழ்ச்சி கம்பீரமாகத் தெரிகிறது, ஆனால் அந்த அளவுக்கு வலிக்கவில்லை. தலைவர் பெண்களை அறையும் காட்சிகள் இரு படங்களிலும் உண்டு. மௌனப் படத்தில் ஓசையில்லாமல் கடந்துபோகும் அந்த அடிகள் 1959-இல் காதில் விழும்போது, அவர் மீதான பரிவு சட்டென்று வடிந்துவிடுகிறது என்று மனைவி சொன்னதை மறுக்க என்னிடம் பதில் இல்லை.

தொகுப்பில் எங்களுக்குப் பெரும் மகிழ்ச்சி தந்த ஒன்று உறையில் விளம்பரப்படுத்தப்படும் செய்தி அல்ல. 1934-இல் மகனாக நடித்த மித்ஸுயி, 1959-இல் அதே நாடகக் குழுவின் நடிகர்களில் ஒருவராக, வயதேறிய முகத்தோடு வருகிறார். எந்தக் குழுவோடு சேர்ந்துவிடக் கூடாது என்று முதல் படத்தில் தந்தை மகனைத் தடுத்தாரோ, அந்தக் குழுவிலேயே அவரைக் காண்பது, இரண்டையும் சேர்த்துப் பார்ப்பவர்களுக்கு மட்டுமே கிடைக்கும் அனுபவம்.

படம் ஓடும்போதே கேட்கக்கூடிய விளக்கவுரைகள் இரண்டும் தரமானவை. மௌனப் படத்துக்கு ஜப்பானியத் திரைப்பட அறிஞர் டொனால்ட் ரிச்சி பேசுகிறார். வண்ணப் படத்துக்கு விமர்சகர் ரோஜர் ஈபர்ட். ரிச்சியிடம் வரலாறும் பின்னணியும் கிடைக்கின்றன. ஈபர்ட் ஒரு சட்டகத்தில் பொருள்கள் எங்கே வைக்கப்பட்டிருக்கின்றன, கேமரா ஏன் தரையோடு அமர்ந்திருக்கிறது என்பதைப் பொறுமையாகக் காட்டித் தருகிறார். முதல்முறை பார்ப்பவர்கள் இவற்றைக் கேட்காமல் படத்தை மட்டும் பார்ப்பதே நல்லது.

வாங்க நினைப்பவர்கள் சிலவற்றைக் கவனிக்க வேண்டும். வசன வரிகள் ஆங்கிலத்தில் மட்டுமே உள்ளன; எங்கள் வீட்டுப் பெரியவர்களை உடன் உட்காரவைத்தபோது நாங்களே தமிழில் சொல்லிக்கொண்டு போனோம். கிரைட்டீரியன் வட்டுகள் வட அமெரிக்கச் சந்தைக்கானவை என்பதால், இந்தியாவில் விற்கும் சாதாரண பிளேயர் அவற்றை ஏற்காமல் போகலாம். எல்லா மண்டல வட்டுகளும் ஓடும் பிளேயர் இருப்பது பாதுகாப்பு. 1934 படத்தில் கீறல்களும் ஒளியின் துடிப்பும் ஆங்காங்கே தெரிகின்றன. அந்த வயதுப் படத்தில் அவற்றை எதிர்பார்த்துத்தான் உட்கார வேண்டும். வேகமான கதைப்போக்கை விரும்புகிறவர்களுக்கு 119 நிமிட வண்ணப் படத்தின் முதல் பாதி சோதனையாக இருக்கும். அவர்கள் மௌனப் படத்திலிருந்து தொடங்கினால், நாய் வேடம் போட்டு மேடையேறும் சிறுவனின் காட்சியிலேயே படத்தோடு ஒன்றிவிடுவார்கள். ஆண்டு வரிசையில் பார்ப்பதே எப்படியும் சரி. 1959-இல் ஓஸு எவற்றை விட்டார், எவற்றைக் கைவிட மறுத்தார் என்பது அப்போதுதான் புலப்படும்.

ஓஸு தன் பழைய படமொன்றை நினைவில் வைத்து 1959-இல் எடுத்த இன்னொரு படம் ‘ஓஹயோ’. அதன் 2017 புளூ-ரே பதிப்பில், அதற்கு முன்னோடியான 1932-ஆம் ஆண்டு மௌனப் படத்தையும் கிரைட்டீரியன் சேர்த்திருக்கிறது. இந்தத் தொகுப்பை விரும்பியவர்கள் அடுத்து அதைத் தேடலாம். நாங்களும் அதைத்தான் தேடிக்கொண்டிருக்கிறோம்.